தங்க வந்தவர்கள், தங்கிப்போனவர்கள்

மத்தியானம் இரண்டு மணிக்குப் பழைய கல்பாத்தித் தெருவில் நின்றால், எந்த வீட்டில் மிக்ஸி ஓடுகிறது என்று காதை வைத்தே சொல்லிவிடலாம். பாலக்காட்டின் பேருந்து இரைச்சல் அந்தத் தெருமுனை வரைகூட வருவதில்லை. இரண்டு பக்கமும் சுவரோடு சுவர் ஒட்டிய ஓட்டு வீடுகள். வாசல்தோறும் திண்ணை. கொல்லையைத் தாண்டினால் ஆறு. டிசம்பர், ஜனவரி மாதங்களில் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து அடிக்கும் வறண்ட காற்று பூட்டிய கதவுகளை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போகும். மேற்கு மலைத்தொடரில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விழுந்த இடைவெளி அந்தக் கணவாய். தமிழ்நாட்டிலிருந்து குடிபெயர்ந்த பிராமணக் குடும்பங்கள் அதன் வழியாக வந்தன. 1860-களில் சென்னையையும் மலபார்க் கரையையும் இணைத்த ரயில் பாதையும் அதன் வழியாகத்தான் போனது.

ஒவ்வொரு வருடமும் சில வாரங்கள் இங்கே ஒரு வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். கணினி முன் உட்கார்ந்து செய்கிற வேலைதான் எனக்கு; அதை எங்கிருந்தும் செய்யலாம். வீட்டுக்காரர்கள் மும்பையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு வீடு மூடிக் கிடக்காமல் இருந்தால் போதும், எனக்கு இந்த அமைதி வேண்டும். கோயம்புத்தூரில் நான் குடியிருக்கும் அடுக்ககத்தில் இரவு பதினொரு மணிக்கும் யாரோ சுவரில் துளை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். இங்கே வந்த முதல் இரவிலேயே தோள்கள் தளர்ந்துவிடும்.

என் வயதுக்காரர்கள் பலரிடம் இந்த ஆசையைப் பார்க்கிறேன். அவர்களில் கொஞ்சம் வசதியுள்ளவர்கள் இத்தாலி என்பார்கள். கடலுக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஊர், கல் பாவிய சந்து, மாடியில் ஒரு மாத வாடகைக்கு ஓர் அறை, காலையில் மாதாகோயில் மணி, மாலையில் சதுக்கத்தில் நான்கு கிழவர்கள். அந்த ஆசையை நான் குறை சொல்லமாட்டேன். ஓடிக்கொண்டே இருக்கிறவர்கள், மெதுவாக நடக்கிற இடம் ஒன்று உலகத்தில் மிச்சம் இருக்கிறதா என்று தேடுகிறார்கள். ஆனால் கல்பாத்தியில் தங்கத் தங்க ஒரு கேள்வி என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. இந்த அமைதி இந்த ஊருக்கு எப்படி வந்தது? பழைய ஊர் என்பதால் அமைதியாக இருக்கிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். பழைய ஊர்கள் இரைச்சல் மிகுந்தவை. இந்த வீடுகளில் ஒரு காலத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் வாழ்ந்தார்கள். வேதம் சொல்லும் குரலும், பாட்டுப் படிக்கும் பிள்ளைகளும், அப்பளாம் இடும் பெண்களின் பேச்சும் ஒரே சுவரின் இரு பக்கமும் கேட்டிருக்கும்.

கல்பாத்தி விசுவநாத சுவாமி கோயில் 1425-ஐ ஒட்டி எழுந்தது என்பார்கள். லட்சுமி அம்மாள் என்ற கைம்பெண் காசியிலிருந்து கொண்டுவந்த லிங்கம், பாலக்காட்டு அரசர் இட்டிக்கோம்பி அச்சனின் ஆதரவில் ஆற்றங்கரையில் நிறுவப்பட்டது என்பது தல வரலாறு. கோயிலிலிருந்து ஆற்றுக்கு இறங்கும் படிகளைப் பார்த்துக் ‘காசியில் பாதி கல்பாத்தி’ என்று ஊர் சொல்லும். கோயில்களைச் சுற்றி அக்ரகாரங்கள் வளர்ந்தன. பாலக்காட்டில் அவற்றைக் கிராமம் என்றே சொல்வார்கள். பல குடும்பங்கள் நிலத்தின் பாட்டத்தில், அதாவது குத்தகை வருவாயில், வாழ்ந்தன. நெல் அறுவடையாகி வீட்டுக்கு வந்தது. வயலில் இறங்கியவர்கள் வேறு.

பிறகு ரயிலும் ஆங்கிலப் படிப்பும் வந்தன. பிள்ளைகள் கணக்கும் சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்றுக்கொண்டு சென்னைக்கும் மும்பைக்கும் டெல்லிக்கும் போனார்கள். மும்பையின் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பாலக்காட்டுத் தமிழ் கேட்கத் தொடங்கியது. 1970 ஜனவரி 1 அன்று கேரளத்தில் நிலச் சீர்திருத்தத் திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்து குத்தகை முறையை ஒழித்தபோது, பாட்டத்தை நம்பியிருந்த வீடுகளின் அடித்தளமே போயிற்று. அதைச் சிலர் இன்றும் துக்கமாகத்தான் சொல்கிறார்கள். உழுதவர்களுக்கு அது நியாயம். இரண்டும் உண்மை, ஒன்றுக்காக மற்றொன்றை மறைக்க எனக்கு மனமில்லை. ஆக, நான் மத்தியானங்களில் அனுபவிக்கிற அமைதியின் ஒரு பாதி, போனவர்கள் விட்டுச்சென்றது. இத்தாலியிலும் இதே கதைதான். சிசிலியின் தென்கரைக்கு அருகே சம்புகா என்ற ஊர், கைவிடப்பட்ட வீடுகளை ஒரு யூரோ தொடக்க விலையில் 2019-ல் ஏலம் விட்டது. உலகமே ஆவலோடு விண்ணப்பித்தது. அந்த வீடுகளின் பிள்ளைகள் பிழைக்கப் போய்த் திரும்பாததால்தான் அவை ஒரு யூரோவுக்கு வந்தன.

மற்றொரு பாதியைப் பற்றி இந்தத் தெருவில் யாரும் தாமாகப் பேசுவதில்லை. 1924 நவம்பரில், தேர்த் திருவிழா நாளில், ஈழவர் சாதியினர் சிலர் கல்பாத்தி அக்ரகாரத் தெருவில் நடந்தார்கள். நகராட்சி பராமரித்த பொதுத் தெரு அது. பொதுத் தெருக்களில் எல்லோரும் நடக்கலாம் என்று ஆர். வீரையன் கொண்டுவந்த தீர்மானத்தைச் சென்னைச் சட்டமன்றம் அதே ஆண்டுதான் ஏற்றிருந்தது. தெற்கே வைக்கத்தில் சத்தியாகிரகம் நடந்துகொண்டிருந்தது. கல்பாத்தியில் நடந்தவர்களை அடித்து விரட்டினார்கள். பூசல் நீண்டது. ஆரிய சமாஜத்தில் சேர்ந்தால் அந்தத் தெருவில் நடக்க விடுவார்களா என்று பார்ப்பதற்காகவே ஈழவர் பலர் அதில் சேர்ந்தார்கள். ஒரு தெருவில் நடப்பதற்காக ஒருவர் தம் சமயப் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

அதற்கு முந்தைய ஆண்டு, 1923-ல், பக்கத்திலுள்ள அகத்தேத்தறையில் டி. ஆர். கிருஷ்ணசுவாமி ஐயர் சபரி ஆசிரமத்தைத் தொடங்கியிருந்தார். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே இடத்தில் உண்டு உறங்கிப் படிக்க ஓர் இடம். காந்தி அங்கே வந்திருக்கிறார். பிறப்பால் தமக்குக் கிடைத்த அமைதியை விட்டு வெளியே வந்த மனிதர் ஒருவர் அன்றே இருந்தார் என்பது எனக்கு முக்கியம். காலம் அப்படி, என்ன செய்ய என்று அந்தக் காலத்தை மன்னித்துவிட முடியாது என்பதற்கு அவரே சாட்சி.

இதை எழுதும்போது என் கை கொஞ்சம் இறுகுகிறது. என் அம்மாவின் குடும்பம் மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்த குடும்பம். தாத்தாவின் அப்பா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கங்காணியின் பின்னால் மலையேறியவர். அவர் இந்தக் கல்பாத்தித் தெருவில் நடந்திருக்க முடியாது. நான் இங்கே வாடகை கொடுத்துத் திண்ணையில் உட்கார்ந்து காற்று வாங்குகிறேன். இதை வெற்றி என்று என்னால் கொண்டாட முடியவில்லை, மறக்கவும் முடியவில்லை.

அடுத்த வீட்டு மாமி முதல் நாள் திண்ணையிலிருந்தே கேட்டார். “எங்கேந்தாக்கும் வரேள்?”

“கோயம்புத்தூர்லேருந்து மாமி. அம்மா ஊர் மூணாறு.”

“மூணாறா? அங்கே ஆராக்கும் இருக்கா?”

“தாத்தா, பாட்டி, பெரியம்மா எல்லாரும் எஸ்டேட்ல கொழுந்து எடுத்தவங்க.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அந்த இடைவெளியில் என்னென்னவோ எனக்குள் ஓடியது. பிறகு மாமி, “நல்ல குளிராச்சே அங்கே. அந்தக் குளிர்லே எப்படித்தான் நின்னாளோ” என்றார். மறுநாள் ஒரு டப்பாவில் மிளகாய்க் கொண்டாட்டம், அதாவது வற்றல், கொடுத்தார், மோர் சாதத்துக்கு என்று. அவர் மனதில் என்ன இருந்தது என்று நான் ஊகிக்கப்போவதில்லை. அதற்குப் பிறகு நாங்கள் தினமும் பேசுகிறோம். அவருடைய மகன் அமெரிக்காவில், மகள் புனேயில். “ராத்திரி எட்டு மணிக்கு மேலே இந்தத் தெருவிலே ஒரு குரல் கேக்காதாக்கும்” என்று அவர் ஒருநாள் சொன்னார், குறையாக. எந்த அமைதிக்காக நான் இங்கே வருகிறேனோ, அது அவருக்கு நோய் மாதிரி இருக்கிறது.

இந்த இடத்தில் மூணாற்றைச் சொல்லாமல் போக முடியாது. அங்கேயும் ஆயிரக்கணக்கானோர் அமைதி தேடித்தான் வருகிறார்கள். பச்சைச் சரிவு, மூடுபனி, தூரத்தில் வரிசையாக வண்ணமடித்த சின்ன வீடுகள். படம் எடுத்தால் அழகாக விழும். அந்த வரிசைதான் லயம். ஓர் அறை, ஒரு அடுக்களை, முன்னால் ஒரு துண்டு நடை. வேலையில் இருக்கிறவருக்கு நிர்வாகம் வீடு கொடுக்க வேண்டும் என்றது 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டம். வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. பாலக்காட்டுப் பாட்டக்காரர்களின் கணக்கை மாற்றிய நிலச் சீர்திருத்தச் சட்டம் தோட்டங்களுக்கு உச்சவரம்பிலிருந்து விலக்கு அளித்தது. சமவெளியில் பிறர் நிலத்தில் குடிசை போட்டிருந்தவருக்குப் பஞ்சாயத்துப் பகுதியில் பத்து சென்ட் வரை குடிகிடப்பு உரிமை கிடைத்தது. நான்கு தலைமுறை லயத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு அந்த நிலத்தில் ஒரு சென்ட்டும் இல்லை.

என் பெரியம்மா தன் உழைக்கும் வயது முழுவதையும் அந்தச் சரிவில் நின்றே கழித்தவர். அட்டைக்கடியும் மழையும் அவருக்குப் பேச்சிலேயே வராது, அவ்வளவு பழக்கம். ஓய்வு பெற்றதும் லயத்தை ஒழித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. சுவரில் அவர் தானே அடித்த நீல வண்ணம், வாசலில் நட்ட டேலியா, அடுப்புக்கு மேல் பெரியப்பா போட்ட பலகை, எல்லாவற்றையும் விட்டு வந்தார். ‘சொந்த ஊருக்கு’ப் போகச் சொன்னார்கள். சங்கரன்கோவில் பக்கத்தில் உள்ள அந்தச் சொந்த ஊரில் அவர் பிறக்கவுமில்லை, வளரவுமில்லை. ஒரு ஊரில் ஆயுள் முழுக்கத் தங்கியவருக்கு அங்கே தங்க உரிமையில்லை, ஒரு வாரம் தங்க வருகிறவருக்கு வரவேற்புப் பலகை இருக்கிறது. இதைவிடப் பெரிய அநீதி என்ன என்று எனக்குத் தெரியவில்லை.

2020 ஆகஸ்ட் 6 இரவு ராஜமலைக்கு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின் மேல் விழுந்தது. தூங்கிக்கொண்டிருந்தவர்களில் 70 பேர் போனார்கள், பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். பெரியம்மா அன்று தொலைபேசியில் பேசவே இல்லை, மூச்சு மட்டும் கேட்டது. அவருக்குத் தெரிந்த முகங்கள் அதில் இருந்தன.

அந்த மலையின் அமைதி ஒருமுறை உடைந்ததை நான் பெருமையோடு நினைக்கிறேன். 2015 செப்டம்பரில் தோட்டப் பெண்கள் ஆயிரக்கணக்கில் இறங்கி வந்து மூணாற்றுச் சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். போனஸ் 20 சதவீதம் வேண்டும் என்பது கோரிக்கை. தொழிற்சங்கத் தலைவர்களையும் அவர்கள் அருகில் விடவில்லை. தங்களைப் பெண்கள் ஒற்றுமை, பெம்பிளை ஒருமை, என்று அழைத்துக்கொண்டார்கள். விடுதிகளில் அமைதி தேடி வந்தவர்களுக்கு அந்த நாட்கள் இடைஞ்சலாக இருந்திருக்கும். ஒன்பது நாளில் 20 சதவீதத்தை வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். பெரியம்மாவின் குரலில் அதற்குப் பிறகு ஒரு நிமிர்வு வந்தது, இன்றுவரை இருக்கிறது.

கல்பாத்தியின் மத்தியானத்தையும் மூணாற்றின் மூடுபனியையும் சேர்த்து வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. நாம் விலை கொடுத்து வாங்குகிற அமைதி யாரோ ஒருவரின் இல்லாமை. சிலரை உள்ளே விடவில்லை, சிலர் பிழைக்க வெளியே போனார்கள், சிலரை வெளியே அனுப்பினார்கள். தென்னித்தாலியின் மத்தேராவில் குகை வீடுகளில் ஏழைகள் மாடு கழுதைகளோடு வாழ்ந்தார்கள். நாட்டின் அவமானம் என்று சொல்லி 1952-ல் சட்டம் போட்டு, சுமார் 15,000 பேரை அங்கிருந்து வெளியேற்றினார்கள். 1993-ல் அதே குகைகள் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. இன்று அவற்றில் சில உயர்தர விடுதிகள். அங்கே ஓர் இரவு தங்குகிறவருக்குச் சுவரின் அழகு தெரியும். அந்தச் சுவரில் கை வைத்துக் குழந்தை பெற்றவள் எங்கே அனுப்பப்பட்டாள் என்பதையும் அவர் கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

அப்படியானால் அமைதியை விரும்புவதே தவறா? நெடுநாள் இதை யோசித்தேன். தவறில்லை என்றுதான் தோன்றுகிறது. களைத்தவருக்கு ஓர் இடம் வேண்டும். ஆனால் அந்த இடத்தில் எப்படி இருக்கிறோம் என்பதில் எல்லாம் இருக்கிறது. விடுதி அறையில் கதவைச் சாத்திக்கொண்டால் கிடைக்கிற அமைதிக்கு நம்மை யாருக்கும் தெரியாது என்பது காரணம். அக்ரகார வீட்டில் அது நடக்காது. சுவர் பொது, பல வீடுகளில் கிணறும் பொது. இரண்டு நாள் வாசல் தெளிக்காவிட்டால் யாராவது உடம்புக்கு என்ன என்று கேட்பார்கள். முதலில் அது எனக்குத் தொந்தரவாக இருந்தது. இப்போது என் சாவி மாமியிடம் இருக்கிறது. அவருடைய மாத்திரைச் சீட்டு என்னிடம் இருக்கிறது. அரிசியும் காய்கறியும் தெருமுனைக் கடையில்தான் வாங்குகிறேன், செயலியில் வரவழைப்பதில்லை. சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து எதிர்வீட்டுப் பையனுக்குக் கணக்குச் சொல்லித்தருகிறேன். தெருவுக்கு என்னால் ஒரு குரல் கூடியிருக்கிறது. அது குறைந்தபட்சம்.

ஊர் இதைவிடப் பெரிதாகத் தீர்மானிக்க வேண்டியவையும் இருக்கின்றன. பாரம்பரியப் பகுதி என்பதால் வீட்டின் முன்முகத்தை இஷ்டப்படி மாற்ற முடியாது. அது நல்லது, ஓட்டுச் சரிவும் மரத் தூண்களும் போய்விட்டால் திரும்ப வராது. ஆனால் முன்சுவரைக் காப்பாற்றிவிட்டு உள்ளே ஆளில்லாமல் போனால் யாருக்காகக் காப்பாற்றுகிறோம்? வரிசையாக எல்லா வீடுகளும் தங்கும் விடுதிகளாகிவிட்டால் வெனிஸுக்கு நேர்ந்ததுதான் நேரும். அதன் பழைய நகரத்தில் குடியிருப்போர் எண்ணிக்கை 2022-ல் 50,000-க்குக் கீழே இறங்கிவிட்டது. பிள்ளைகளோடு ஒரு குடும்பம், எந்தச் சாதியானாலும் எந்தச் சமயமானாலும், பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டில் குடியேறட்டும் என்பதே என் நிலை. வீட்டை யாருக்கு வாடகைக்கு விடலாம், யாருக்குக் கூடாது என்ற பேச்சு இன்றும் தாழ்ந்த குரலில் நடப்பதைக் கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சை உரத்த குரலில் நடத்த வேண்டும். அப்போதுதான் மறுப்பு சொல்ல எங்களைப் போன்றவர்களுக்கும் ஓர் இடம் கிடைக்கும்.

இந்த ஊர் நிரம்பினால் எப்படி இருக்கும் என்பதற்கு வருடத்தில் சில நாட்கள் சாட்சி சொல்கின்றன. ஐப்பசிக் கடைசியில் தேர். முன்னதாகச் சங்கீத விழா. செம்பை வைத்தியநாத பாகவதரும் பாலக்காடு மணி ஐயரும் பிறந்து வளர்ந்த வட்டாரம் அல்லவா, கேட்கிறவர்களும் தாளம் தவறினால் திரும்பிப் பார்ப்பார்கள். மும்பைக்காரர்கள், சென்னைக்காரர்கள் எல்லோரும் வந்து வீடுகளைத் திறப்பார்கள். கல்பாத்தியின் தேர்களும் சாத்தபுரத்தின் தேரும் மூன்றாம் நாள் மாலை தேர்முட்டியில் சந்திக்கும். பின்னால் யானை முட்டித் தள்ளும், முன்னால் எல்லோரும் வடம் பிடிப்பார்கள். எல்லோரும் என்றால் இன்று எல்லோரும்தான். பலூன், பேரீச்சம்பழம், அலுவா, வளையல், சுக்குக் காப்பி என்று தெரு முழுக்கக் கடை. மூன்று நாளும் தூங்க முடியாது. அந்த நாட்களில் மாமியின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

போன வாரம் பெரியம்மாவைத் தொலைபேசியில் அழைத்து, என்னோடு கல்பாத்தியில் வந்து இருங்கள் என்றேன். ஊரின் பழமையைப் பற்றியும் ஆற்றைப் பற்றியும் சொல்லிக்கொண்டே போனேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் தன் கேள்விகளைத் தொடங்கினார்.

“தண்ணி எத்தன நேரம் வரும்?”

“காலையும் சாயங்காலமும். கெணறும் இருக்கு பெரியம்மா.”

“பக்கத்துல பேச ஆளு உண்டா?”

மாமியைப் பற்றிச் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார்.

“அந்தத் தெருவுல நம்மள விடுவாங்களாட்டி?”

“விடுறதுக்கு யாரு பெரியம்மா? நாம வாடக குடுக்கிறோம். பக்கத்து வீட்டு மாமி உங்க வயசுதான். உங்களப் பத்திச் சொல்லி வச்சிருக்கேன், எப்ப வர்றாங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க.”

“அப்ப சரி. தேருக்கு வர்றேன். ரொம்ப நேரம் என்னால நிக்க முடியாது. தேரு நல்லாத் தெரியிற மாதிரி திண்ணையில எனக்கு ஒரு எடம் பாத்து வையி.”